கால் நகத்தில் சீழ்: மாத்திரையில் அடங்கி மறுபடியும் கிளம்புவது ஏன்?

கால் கட்டைவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்குகிறது. போர்வை உரசினாலே உயிர் போகிறது. இரண்டு நாளில் சீழ் கட்டுகிறது. ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருகிறார்கள்; ஐந்தாறு நாளில் வீக்கம் வடிந்து வலியும் அடங்குகிறது. தீர்ந்தது என்று நினைத்திருக்கும்போது, இரண்டு மூன்று வாரத்தில் அதே விரல், அதே ஓரம், அதே சீழ். மருந்துக்கு வீரியம் போதவில்லையா, உடம்பில் வேறு கோளாறா, நகத்தையே எடுக்க வேண்டுமா என்ற கேள்விகள் எழுவது இந்த இடத்தில்தான்.

ஒரு விஷயம் பிடிபட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். கிருமி இங்கே இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது நகத்தின் ஓரம். சதைக்குள் புகுந்த அந்தத் துண்டு அங்கேயே இருக்கும்வரை மாத்திரை தருவது தற்காலிக நிம்மதிதான். காலில் தைத்த முள்ளை எடுக்காமல் மேலே மருந்து தடவுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

## நகத்தின் அமைப்பு

நகம் என்று நாம் சொல்லும் கடினமான பகுதி நகத்தகடு. கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதில் நரம்பு கிடையாது, அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. தகடு ஒட்டியிருக்கும் மென்மையான திசு நகப்படுக்கை. இரு பக்கமும் சற்று உயர்ந்து தகட்டைத் தழுவி நிற்கும் தோல், ஓர மடிப்பு. விரல் தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருக்கும் வளர்ச்சிப் பகுதி நகவேர். நகம் உருவாவது அங்கேதான். அங்கிருந்து முன்னோக்கித் தள்ளப்பட்டு வருகிறது.

கால் நகம் மெதுவாக வளர்வது. மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக முளைத்து நுனியைத் தொட 12 முதல் 18 மாதம் ஆகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நகத்தகட்டுக்கும் அதன் கீழே இருக்கும் எலும்புக்கும் இடையில் சில மில்லிமீட்டர் தடிமன்தான் உண்டு. மற்ற இடங்களில் இருப்பதுபோல் கொழுப்போ தசையோ நடுவில் இல்லை. இங்கே வரும் தொற்றை நீண்ட நாள் கவனிக்காமல் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

## முதலில் குத்து, அப்புறம்தான் கிருமி

சீழ் வரை போகும் பாதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

1. நகத்தின் முனை ஓரத்தில் கூரான ஒரு சிறு துணுக்கு உருவாகிறது. மூலையை ஆழமாக வெட்டும்போது கத்தரி எட்டாத இடத்தில் கொஞ்சம் மிச்சமாகி நிற்பதுதான் இது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2. நகம் வளர வளர அந்தத் துணுக்கு ஓர மடிப்புக்குள் அழுந்துகிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் உடலின் எடை கட்டைவிரலில் இறங்கி, சதையை நகத்தின் மேல் தள்ளுகிறது. இறுக்கமான ஷூ பக்கவாட்டிலிருந்து அதே வேலையைச் செய்கிறது.

3. தோல் கிழிந்து நகம் உள்ளே போனதும், உடல் அதை வெளியிலிருந்து வந்த பொருளாகவே நடத்துகிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் வரும். இந்தக் கட்டத்தில் கிருமித் தொற்று இல்லாமலும் இருக்கலாம்.

4. தோலில் குடியிருக்கக்கூடிய பாக்டீரியாக்கள், குறிப்பாக ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கிழிசல் வழியே நுழைகின்றன. சீழ் தோன்றுகிறது.

5. ஆறாத புண்ணை மூட உடல் புதுச் சதையை அனுப்புகிறது. நகம் நடுவில் நிற்பதால் புண் மூடுவதில்லை. சதை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. சிவந்து, ஈரமாக, தொட்டாலே ரத்தம் கசியும் இந்தச் சதையைத் துகள்திசு என்பார்கள்.

வீங்கிய சதை நகத்தின் மேல் இன்னும் அழுத்தமாக ஏறும், அதனால் நகம் இன்னும் ஆழமாகக் குத்தும், அதனால் வீக்கம் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழற்சி தானாக நிற்பது அரிது. மாத்திரை நான்காவது படியை மட்டும் தொடுகிறது. முதல் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

## யாருக்கு வருகிறது

பதின்வயதினருக்கும் இளைஞர்களுக்கும் அதிகம். வேகமாக வளரும் கால், அதிக வியர்வையால் ஊறி மென்மையான தோல், மணிக்கணக்கில் ஷூ, விளையாட்டில் படும் அடி எல்லாம் ஒன்றுசேரும் வயது அது. முதியவர்களுக்குக் காரணம் வேறு: நகம் தடித்து வளைகிறது, குனிந்து வெட்ட முடிவதில்லை, பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. பிறவியிலேயே வளைவு அதிகமான நகம் உள்ள குடும்பங்களும் உண்டு. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், சில புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றின் பக்கவிளைவாகவும் வரலாம். அவற்றைச் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

## மூன்று நிலைகள்

1937-இல் ஹைஃபெட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிலைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தச் சிகிச்சை என்பதை முடிவுசெய்ய அவை உதவுகின்றன.

முதல் நிலை: லேசான சிவப்பு, வீக்கம், அழுத்தினால் வலி. சீழ் இல்லை.

இரண்டாம் நிலை: வலி கூடியிருக்கும், நீரோ சீழோ கசியும், சில சமயம் நாற்றம் இருக்கும்.

மூன்றாம் நிலை: துகள்திசு வளர்ந்து நகத்தின் மேல் படர்ந்திருக்கும். ஓர மடிப்பு நிரந்தரமாகத் தடித்திருக்கும்.

வீட்டு வைத்தியத்துக்கு முதல் நிலை நன்றாகவே கட்டுப்படும். இரண்டாம் நிலையின் தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள் முயன்று பார்க்கலாம். மூன்றாம் நிலையில் வீட்டில் நேரம் கடத்துவதில் பயனில்லை.

## வீட்டில் செய்யக்கூடியது

முதலில் ஒரு கண்டிப்பான விதிவிலக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அல்லது கீமோதெரபி எடுப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அவர்களுக்கு வலி தெரியாமலே தொற்று ஆழமாக இறங்கும். புண் ஆறுவதும் தாமதப்படும். சிறிய புண்தானே என்று நினைப்பதற்கு இடமில்லை.

மற்றவர்கள் செய்யக்கூடியவை:

1. வெதுவெதுப்பான நீரில் பாதத்தை 10 முதல் 20 நிமிடம் ஊற வைக்கலாம், நாளைக்கு மூன்று நான்கு முறை. வெறும் நீரோ சோப்பு கலந்த நீரோ போதும். உப்பு கலந்தாலும் வேலை செய்வது ஊறல்தான்: தோலும் நகமும் மென்மையாகும், கசிவு வெளியேறும், வலி தணியும்.

2. ஊறியதும் ஓர மடிப்பைச் சுத்தமான விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ நகத்திலிருந்து விலகும் திசையில் மெல்ல அழுத்தித் தள்ள வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சாக்ஸ் மாட்டினால் ஊறவைத்த பலன் போய்விடும்.

3. நகத்தின் மூலை கண்ணுக்குத் தெரிந்தால், நனைத்த பஞ்சில் ஒரு சிறு இழையை அதன் அடியில் செருகலாம். நகம் சதைக்கு மேலாக வளர அது வழிசெய்யும். தினமும் மாற்ற வேண்டும். செருகும்போது கடுமையாக வலித்தால் விட்டுவிட வேண்டும்.

4. மருத்துவப் பிளாஸ்திரியின் ஒரு முனையை, நகத்தை ஒட்டிய சதையில் ஒட்டி, சதையை வெளிப்புறமாக இழுத்தபடி விரலின் அடிப்பக்கம் சாய்வாகக் கொண்டுபோய் ஒட்டலாம். நகத்துக்கும் சதைக்கும் இடையே சிறிய இடைவெளி கிடைக்கும். விரலைச் சுற்றி வளையமாக இறுக்கக் கூடாது. ஈரக் கசிவு இருந்தால் பிளாஸ்திரி நிற்காது.

5. வலிக்குப் பாராசிட்டமால். முன்பக்கம் திறந்த செருப்பு. இந்த இரண்டாவது எளிமையாகத் தெரிந்தாலும், இது இல்லாமல் மற்றது எதுவும் எடுபடாது.

இரண்டு மூன்று நாளில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பிளேடும் ஊசியும் வைத்து மூலையைத் தோண்டுவது அதில் முதலாவது. வலி அந்த நேரத்துக்குக் குறையும், உண்மைதான். ஆனால் உள்ளே இன்னொரு கூர்த் துணுக்கு மிச்சமாகி, அடுத்த முறை இன்னும் ஆழத்தில் குத்தும். ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாவது இப்படித்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் கலக்காத கிருமிநாசினி போன்றவற்றைப் புண்ணில் ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து ஆற வேண்டிய திசுவும் சாகிறது. நகத்தின் நடுவில் ஆங்கில வி வடிவில் வெட்டினால் ஓரங்கள் நடுவை நோக்கி வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. நகம் வேரிலிருந்து வளர்கிறது; நுனியில் செய்யும் வெட்டு வளரும் திசையை மாற்றாது.

## ஆன்டிபயாடிக் எப்போது தேவை

விரலின் ஓரத்தோடு நிற்கும் தொற்றில், குத்தும் நகத்தை எடுத்தாலே பெரும்பாலும் தொற்று தானாக அடங்கிவிடும். நகத்தை அகற்றும் சிகிச்சையோடு மாத்திரையையும் சேர்த்தால் புண் சீக்கிரம் ஆறுமா என்று பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. நலமாக உள்ளவர்களுக்கு மாத்திரை அவசியமில்லை என்பதே அதன் முடிவு.

மாத்திரை உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் உள்ளன. சிவப்பு நக ஓரத்தைத் தாண்டி விரல் முழுவதும், அல்லது பாதத்துக்கும் பரவும்போது, காய்ச்சல் இருக்கும்போது, மேலே சொன்ன விதிவிலக்கு நோய்கள் உள்ளபோது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். போன தடவை மிஞ்சிய மாத்திரைகளை எடுத்துப் போடுவது வேண்டாம். தொற்று அரைகுறையாக அடங்கி, அறிகுறி மட்டும் மறைந்து, நகம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாவதற்கும் இந்தப் பழக்கம் துணைபோகிறது.

## மருத்துவர் என்ன செய்வார்

பலரும் பயப்படுவது முழு நகத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான். வழக்கமான சிகிச்சை அதுவல்ல. குத்தும் ஓரத்தை மட்டும், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலப் பட்டையாக, நீளவாக்கில் நீக்குவதே பெரும்பாலும் செய்யப்படுகிறது. முழு நகத்தையும் எடுத்தால் இரண்டு சிக்கல்: வேர் அப்படியே இருப்பதால் அதே அகலத்தில் மறுபடியும் வளரும், அதோடு, மேலே தகடு இல்லாத மாதங்களில் விரல் நுனிச் சதை மேலெழும்பி, புது நகத்தை முன்பக்கத்திலேயே மறிக்கும்.

நடக்கும் முறை இது:

1. விரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் ஊசி. சிகிச்சை முழுவதிலும் வலிப்பது இந்த ஊசிதான். சில வினாடி நன்றாகவே எரியும். வீங்கிய இடத்திலிருந்து தள்ளி அடிவிரலில் போடுவதால், சீழ் இருந்தாலும் பொதுவாகப் போட முடியும். சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும். அழுத்தம் தெரியும், வலி தெரியாது.

2. ரத்தக் கசிவைக் குறைக்க அடிவிரலில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றுவார்கள்.

3. நகத்தின் ஓரப் பட்டையை நுனியிலிருந்து வேர் வரை பிளந்து, பிடித்து வெளியே எடுப்பார்கள். குத்திக்கொண்டிருந்த துணுக்கு இதில் வந்துவிடும். வளர்ந்த துகள்திசுவையும் நீக்குவார்கள்.

4. அந்தப் பட்டைக்கு உரிய நகவேரில் மட்டும் பீனால் என்ற வேதிப்பொருளைச் சில தடவை தடவுவார்கள். அது அந்த இடத்து வளர்ச்சி அணுக்களை அழிக்கும். ஓரம் இனி முளைக்காது. நகம் நிரந்தரமாகச் சற்றுக் குறுகியிருக்கும், பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சிலர் பீனாலுக்குப் பதிலாக சோடியம் ஹைட்ராக்சைடோ மின்சூடோ பயன்படுத்துவார்கள். கர்ப்பிணிகளுக்குப் பீனாலைத் தவிர்ப்பார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நான்காவது படியைப் பற்றித்தான். வேரைத் தொடாமல் ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டால் இப்போதைக்கு வலி போகும். ஆனால் அந்த ஓரம் மறுபடியும் வளரும், பிரச்சினை திரும்பும் வாய்ப்பு கணிசமாக இருக்கும். 24 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, திரும்ப வருவதைத் தடுப்பதில் அறுவை முறைகள் மற்றவற்றைவிட மேலானவை என்றும், அதோடு பீனால் சேர்ப்பது கூடுதல் பலன் தருவதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. முதல் முறை வந்தவருக்கு ஓரத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. இரண்டாம் மூன்றாம் முறை வந்தவர், வேருக்கும் சிகிச்சை உண்டா என்று கேட்டுவிட வேண்டும். தொற்று கடுமையாக இருந்தால் அது தணிந்தபின் பீனால் தடவலாம் என்று சில மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள். அப்படியானால் திரும்பப் போக வேண்டிய தேதியை விட்டுவிடக் கூடாது. பாதிப் பேர் வலி போனதும் போகாமல் விடுவது அந்த இரண்டாம் சந்திப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

வெட்டாமல் செய்யும் வழிகளும் உள்ளன. நீளவாக்கில் பிளந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நக ஓரத்தில் செருகிச் சதையைக் காப்பது ஒன்று. நகத்தின் மேல் கம்பியோ பட்டையோ ஒட்டி வளைவை மெல்ல நிமிர்த்துவது இன்னொன்று. முதலிரு நிலைகளில் இவை உதவும்.

சர்க்கரை நோய் இருந்தால் இந்த அறுவையே கூடாது என்பது சரியல்ல. காலில் ரத்த ஓட்டம் போதுமா என்று முதலில் சோதித்துவிட்டுச் செய்வார்கள்.

## சிகிச்சைக்குப் பின் வரும் கசிவு

பீனால் போட்டவர்கள் அடுத்த வாரமே பதறுவது இதற்காகத்தான்: புண்ணிலிருந்து மஞ்சள் கலந்த நீர் கசிகிறது, ஓரம் சிவந்திருக்கிறது. பெரும்பாலும் இது தொற்று அல்ல. வேதிப்பொருள் சுட்ட புண் ஆறும் விதமே அது. இரண்டு முதல் ஆறு வாரம் வரை கசியலாம். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் கவலை வேண்டாம். குறைந்த வலி திடீரென்று கூடினால், சிவப்பு பரவினால், கெட்டியான சீழ் வந்தால் காட்ட வேண்டும்.

முதல் நாள் காலைச் சற்று உயர்த்தி வைத்திருப்பது நல்லது. அப்புறம் மருத்துவர் சொன்ன இடைவெளியில் கட்டு மாற்றி, புண்ணைக் கழுவி வந்தால் போதும். அறுவைக்குப் பின் தரும் ஆன்டிபயாடிக்கால் தொற்றோ ஆறும் காலமோ குறைந்ததாக அதே காக்ரேன் மதிப்பாய்வில் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

## காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

- விரலிலிருந்து பாதத்தை நோக்கிச் சிவப்பு பரவுவது, அல்லது கால் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது
- காய்ச்சல், குளிர் நடுக்கம், தொடை இடுக்கில் நெறி கட்டுவது
- விரல் கறுப்பது, நீலமாவது, சில்லிட்டு மரத்துப்போவது
- வாரக்கணக்கில் ஆறாத புண். எலும்புக்குத் தொற்று போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்

இவற்றில் முதல் மூன்றும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

## நகம் குத்துவதுபோல் தெரியும் வேறு நோய்கள்

நகச்சுற்று நகத்தைச் சுற்றிய தோலில் வரும் தொற்று. அதில் நகம் சதைக்குள் குத்தியிருக்க வேண்டியதில்லை, நகத்தின் அடிப்பக்கமும் வீங்கும். நகத்துக்கு அடியில் எலும்பு சிறிதாக வளர்ந்து நகத்தை மேலே தள்ளுவதும் உண்டு. அதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். நகத்தின் அடியில் வரும்போது கறுப்புக் கோடாகத் தெரியலாம். நிறமே இல்லாமல் சிவந்த சதையாக, துகள்திசு மாதிரியே இருக்கவும் கூடும். பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் 1977-இல் கண்டறியப்பட்டது இந்தப் புற்றுநோய்தான். அது பரவி 1981-இல், 36 வயதில் அவர் இறந்தார். நகத்தைச் சரியாக எடுத்த பிறகும் ஆறாத சதையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

## திரும்ப வராமல் இருக்க

நகத்தை நேர்கோட்டில் வெட்ட வேண்டும், விரலின் வடிவத்துக்கு வளைத்து அல்ல. மூலைகள் சதையின் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாம். வெள்ளைப் பகுதி முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. தடித்த நகமாக இருந்தால் ஊறவைத்து வெட்டுவது எளிது.

ஷூவின் முன்பக்கத்தில் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். கால் பகலில் சற்று வீங்கும் என்பதால் மாலையில் வாங்குவது நல்லது. வளரும் பிள்ளைகளின் ஷூவைச் சில மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சிறிதாகிவிட்டது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டு முறையிலேயே குணமானவர்கள் வலி நின்றதும் பிளாஸ்திரியையும் திறந்த செருப்பையும் விட்டுவிடக் கூடாது. நகத்தின் மூலை சதை விளிம்பைத் தாண்டி வெளியே வந்தால்தான் ஆபத்து விலகியது என்று பொருள். மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை அந்த மூலையில் கத்தரி படக் கூடாது.